நோயாளியின் ரகசியமும் மருத்துவமனையின் குறையும்: தில்லி வரலாறு

மருத்துவத் தொழிலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. நோயாளி நம்பிச் சொன்னதையும், அவர் உடலைச் சோதித்தபோது தெரிய வந்ததையும் வெளியே விடாமல் காப்பது ஒன்று. சிகிச்சையில் குறை நேர்ந்து நோயாளிகளுக்குத் தீங்கு வருவதைக் கண்டால், உரியவர்களிடம் சொல்லி அதைத் தடுப்பது மற்றொன்று. சாதாரண நாட்களில் இவை ஒன்றுக்கொன்று குறுக்கே வருவதில்லை. வார்டில் நடந்ததைச் சொல்ல முன்வரும் செவிலியரோ மருத்துவரோ, அங்கே படுத்திருந்தவரின் விவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலை வரும்போது இரண்டும் மோதுகின்றன.

இந்தியாவில் இந்த மோதலின் வரலாறு பெருமளவு தில்லியில் நிகழ்ந்தது. மருத்துவ ஒழுக்க விதிகளை வகுத்த கவுன்சில் அங்கே இருந்தது; அவற்றுக்குப் பொருள் சொன்ன உச்ச நீதிமன்றமும், ஊழல் கண்காணிப்பு ஆணையமும், தகவல் ஆணையமும் அங்கேதான் இருக்கின்றன. நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவும் அங்கே உள்ளன. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அந்த வரலாறு காட்டும் உண்மை இது: மருத்துவ ரகசியம் நோயாளிக்கு உரியது. நிர்வாகம் அதைத் தன் குறைகளுக்குத் திரையாக்கிக்கொண்டபோது நோயாளியும் காக்கப்படவில்லை, குறையைச் சொன்னவரும் காக்கப்படவில்லை.

வீட்டு வைத்தியத்திலிருந்து பொது வார்டுக்கு

ரகசியம் காக்கும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் பழமையானது. நோயாளியின் வீட்டுக்குள் கண்டதை வெளியே பேசக்கூடாது என்று சரக சம்ஹிதை மாணவருக்கு விதிக்கிறது. தில்லியில் முகலாயர் காலந்தொட்டு யூனானி ஹக்கீம்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் செய்துவந்தன. ஹக்கீம் அஜ்மல் கான் பிறந்த குடும்பம் அவற்றுள் புகழ்பெற்றது. அவர் முயற்சியில் கரோல் பாக்கில் எழுந்த திப்பியா கல்லூரியை 1921இல் காந்தி திறந்துவைத்தார். நோயாளியின் வீடு தேடிச் சென்று வைத்தியம் பார்த்த அந்த முறையில், வைத்தியரின் நற்பெயர் அவருடைய மருந்தைப் போலவே அவர் காத்த மௌனத்தையும் நம்பியிருந்தது.

ஆங்கிலேயர் தலைநகரைத் தில்லிக்கு மாற்றிய பிறகு பெரிய மருத்துவமனைகள் வந்தன. ஆண் மருத்துவர்களிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி 1916இல் திறக்கப்பட்டது. நகரின் தில்லி கேட் அருகே இர்வின் மருத்துவமனைக்கு 1930இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1936இல் அது செயல்படத் தொடங்கியது. இன்று அதற்கு லோக்நாயக் மருத்துவமனை என்று பெயர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே எய்ம்ஸ் உருவானது.

மருத்துவமனை பெரிதானபோது ரகசியத்தின் தன்மையும் மாறியது. ஒருவர் அறிந்திருந்த செய்தி இப்போது கேஸ் ஷீட்டில் ஏறியது. பணிமுறை மாறி வரும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் ஊழியர்களும் அதைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் பாதி தெரிந்தது. மறுபுறம், மருத்துவமனை என்ற நிறுவனத்துக்கென்று தனி நற்பெயரும் நிர்வாகமும் மேலதிகாரிகளும் தோன்றினர். நோயாளியைப் பற்றிய செய்தியும் நிறுவனத்தைப் பற்றிய செய்தியும் ஒரே கோப்பில் சேர்ந்தன. பிற்காலக் குழப்பங்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

விதிகளில் இருந்த இரட்டைக் கட்டளை

இந்திய மருத்துவக் கவுன்சில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 1956இல் புதிய சட்டம் அதற்குக் கூடுதல் வலிமை தந்தது. நெடுங்காலம் மருத்துவர்களை ஆண்ட ஒழுக்க நெறிகளுக்கு அது 2002இல் ஒழுங்குமுறை விதிகளாகச் சட்ட வடிவம் கொடுத்தது. அவற்றில் இரண்டு கடமைகளும் இடம்பெற்றன.

தொழில்வழி அறிந்த நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக்கூடாது என்கிறது விதி 7.14. இதற்கு மூன்று விலக்குகள் உண்டு: நீதிபதி ஆணையிடுதல், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருத்தல், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோயாக இருத்தல். அடையாளம் தெரியக்கூடிய புகைப்படத்தையோ நோய் விவரத்தையோ நோயாளியின் அனுமதியின்றி மருத்துவ இதழ்களில் வெளியிடக்கூடாது என்று விதி 7.17 தடுக்கிறது.

அதே விதித்தொகுப்பின் தொடக்கத்தில் உள்ள விதி 1.7, சக மருத்துவர்களிடம் திறமைக் குறைவோ ஊழலோ நேர்மையின்மையோ கண்டால் அச்சமும் தயவும் இன்றி அதை வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இன்னொரு விதி, கலந்தாலோசனையில் எழும் கருத்து வேறுபாடுகளைத் தேவையின்றி வெளியே சொல்லவேண்டாம் என்கிறது. ஆனால் ஒத்துப்போக முடியாத வேறுபாடு இருந்தால் நோயாளியிடமோ உறவினரிடமோ ஒளிவின்றி விளக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

ஆக, குறையைச் சொல்வது விதிமீறல் என்று இந்த விதித்தொகுப்பு எங்கும் கூறவில்லை. அதைக் கடமையாகவே வைத்தது. யாரிடம் சொல்வது, சொன்னவரை யார் காப்பது என்ற கேள்விகளுக்கு மட்டும் பதில் தரவில்லை. அரசு மருத்துவமனைகளில் அந்த வெற்றிடத்தை வேறு விதிகள் நிரப்பின. 1964ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், அனுமதியின்றி அலுவல் தகவலை வெளியிடுவதையும் அரசின் நடவடிக்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதையும் தடுத்தன. தொழில்நெறி பேசச் சொன்னது. பணிவிதி பேசாதே என்றது. அரசுச் சம்பளம் வாங்கிய மருத்துவர் இரண்டுக்கும் நடுவே நின்றார்.

வெளியே இருந்து வந்த புகார்கள்

உள்ளே இருந்தவர்கள் பேச முடியாத காலத்தில் வெளியே இருந்தவர்கள் பேசினார்கள். ஷாதராவில் 1966இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையின் சீர்கேட்டைக் காட்டி 1980களில் பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் குழு அமைத்து நிலைமையை ஆராயச் செய்தது. 1989இல் மருத்துவமனையை மறுசீரமைக்க வழிகாட்டியது. 1993இல் அது மனித நடத்தை மற்றும் சார்பு அறிவியல் நிறுவனமாக, இப்பாஸ் என்ற சுருக்கப் பெயருடன் மறுபிறப்பு எடுத்தது. தங்கள் நிலையைத் தாங்களே எடுத்துச் சொல்ல முடியாத நோயாளிகளுக்காக மற்றவர்கள் பேசியதன் விளைவு அது.

விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனை ஏற்க மறுத்த நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தில்லி வழக்கறிஞர் பரமானந்த கட்டாரா வழக்குத் தொடுத்தார். உயிர் காப்பதே முதற்கடமை, காவல்துறை நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று 1989இல் தீர்ப்பு வந்தது.

தில்லியைச் சேர்ந்த காமன் காஸ் அமைப்பு ரத்த வங்கிகளைப் பற்றித் தொடுத்த வழக்கு இன்னொரு பாடம் தந்தது. மத்திய அரசுக்காக ஃபெர்குசன் நிறுவனம் 1990இல் தயாரித்த ஆய்வறிக்கை, உரிமமற்ற வங்கிகளையும் சோதிக்கப்படாத ரத்தத்தையும் காசுக்கு ரத்தம் விற்போரையும் பற்றிப் பேசியது. அதை அடிப்படையாகக் கொண்டு 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்த வங்கிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. தேசிய ரத்தமேற்றல் கவுன்சில் அமைக்கவும் காசுக்கு ரத்தம் எடுப்பதை ஒழிக்கவும் ஆணையிட்டது. ஒரு நோயாளியின் பெயரும் வெளிவராமல் நாடு முழுவதற்குமான சீர்திருத்தம் நடந்தது.

2005இல் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த வழியைச் சாதாரணக் குடிமகனுக்கும் திறந்தது. உதய் அறக்கட்டளை கேட்ட கேள்விகளுக்கு எய்ம்ஸ் 2008இல் அளித்த பதிலில், இரண்டரை ஆண்டுகளில் நடந்த 42 மருத்துவ ஆய்வுகளில் 4,142 குழந்தைகள் சேர்க்கப்பட்டதும், அவர்களில் 49 பேர் இறந்ததும் தெரிய வந்தன. இறப்புகளுக்குக் குழந்தைகளுக்கு முன்பே இருந்த கடும் நோய்களே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. அந்த விளக்கத்தைப் பொதுவெளியில் தர வேண்டி வந்ததே, எண்ணிக்கை வெளிவந்ததால்தான். எந்தக் குழந்தையின் பெயரும் வெளியே வரவில்லை.

ரகசியம் யாருக்கு உரியது

நீதிமன்றங்களில் ரகசியத்தின் எல்லை வேறொரு பாதையில் வரையப்பட்டது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு இந்தியச் சாட்சியச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. மருத்துவரிடம் நோயாளி சொன்னதற்கு அளிக்கவில்லை. நீதிமன்றம் கேட்டால் மருத்துவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தவருக்கு எச்ஐவி தொற்று இருப்பது தெரிந்து, செய்தி வெளியே போய், அவருடைய திருமணம் நின்றது. மருத்துவமனை ரகசியத்தை மீறியதாக அவர் தில்லியில் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. மணமகளின் உயிருக்கு ஆபத்து இருந்ததால் செய்தியைச் சொன்னது தவறாகாது என்றது. அத்துடன் நில்லாமல், எச்ஐவி உள்ளவரின் திருமண உரிமை குறித்தும் கடுமையான கருத்துகளைக் கூறியது. அந்தக் கருத்துகள் வழக்குக்குத் தேவையற்றவை என்று 2002இல் மூன்று நீதிபதிகள் அமர்வு விலக்கியது. ரகசியம் முழுமுற்றானதன்று, ஆனால் அதை மீறக் குறிப்பிட்ட ஆபத்து இருக்க வேண்டும் என்ற கோட்பாடு நிலைத்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தனர். அதே ஆண்டு வந்த இரண்டு சட்டங்கள் எல்லையை இன்னும் துல்லியமாக்கின. எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் நோயாளியின் ஒப்புதலின்றி அவர் நிலையை வெளியிடுவதைத் தடுத்தது. ஆளை அடையாளம் காட்டாத புள்ளிவிவரத்துக்கு விலக்கு அளித்தது. மனநலச் சிகிச்சைச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரத் தடை விதித்தது. சேவைக் குறைபாட்டைப் பற்றிப் புகார் செய்யும் உரிமையையும் அதே சட்டம் அவருக்கு அளித்தது. ஆள் மறைவாக இருக்கலாம், குறை மறைவாக இருக்கக்கூடாது என்ற எண்ணம் சட்டத்தின் எழுத்திலேயே ஏறியது.

பதிவேடுகளிலும் இதே திசைதான். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. இப்பாஸ் தொடர்பான ஒரு முறையீட்டில் 2014இல் மத்திய தகவல் ஆணையம், தன் சிகிச்சைப் பதிவுகளைப் பெறுவது நோயாளியின் உரிமை என்று உறுதிசெய்தது. தன் ரகசியத்தை வெளியிட நோயாளிக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. 2017இல் குருகிராமிலும் ஷாலிமார் பாக்கிலும் தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்தையும் கவனக்குறைவையும் பற்றி எழுந்த பெரும் விவாதங்கள் குடும்பத்தினர் வாய் திறந்ததால் தொடங்கியவை.

குடும்பம் பேசுவது போதுமா என்ற கேள்விக்கு மற்ற தீர்ப்புகள் பதில் தருகின்றன. வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005இல், மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்து வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. பொய்ப் புகாரிலிருந்து மருத்துவர்களைக் காக்க அது தேவையான விதி. அதன் விளைவாக, நோயாளிக்கு நீதி கிடைப்பது மருத்துவர்கள் உண்மை பேச முன்வருவதைச் சார்ந்ததாயிற்று. அவர்கள் மௌனம் காத்தால் புகார் அங்கேயே நின்றுவிடும்.

சொன்னவரின் ரகசியம்

இந்த வரலாற்றில் மூன்றாவது ரகசியம் ஒன்றும் உண்டு: புகார் சொன்னவர் யார் என்பது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயருடன் பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்து, புகார்களைப் பெற்றுப் புகார்தாரரின் அடையாளத்தைக் காக்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

பத்தாண்டு கழித்து முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை வெளியாகவில்லை. பல வகைத் தகவல்களை அதன் வரம்பிலிருந்து நீக்கும் திருத்த மசோதா 2015இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. பொது ஊழியர்மீதான புகார்களுக்கே அச்சட்டம் பொருந்தும். தில்லியில் பெருகியிருக்கும் தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்யும் செவிலியருக்கு அது அமலானாலும் பயன் சிறிதே.

எய்ம்ஸ் இதன் விளைவைக் கண்டது. 2012இல் அங்கே தலைமை ஊழல் கண்காணிப்பு அதிகாரியாகப் பொறுப்பேற்ற வனப்பணி அதிகாரி சஞ்சீவ் சதுர்வேதி பல முறைகேடுகளை விசாரிக்கத் தொடங்கினார். 2014 ஆகஸ்டில் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நியமனத்துக்கு ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் ஒப்புதல் இல்லை என்று சுகாதார அமைச்சகம் காரணம் கூறியது. அடுத்த ஆண்டு அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. குருகிராமில் ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய தினேஷ் தாக்கூர், பொய்யான சோதனைத் தரவுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தெரிவித்தார். 2013இல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்தியது. இந்தியாவில் தயாரான மருந்தைப் பற்றிய உண்மை அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பில் வெளிவர வேண்டியிருந்தது.

பெருந்தொற்றுக் காலம்

2020 ஜூனில் எல்லா இழைகளும் ஓரிடத்தில் கூடின. லோக்நாயக் மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளுக்கு அருகிலும் கூடங்களிலும் சடலங்கள் கிடந்த காட்சி தொலைக்காட்சியில் வந்தது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அசோக் பூஷண், சஞ்சய் கிஷன் கவுல், எம்.ஆர். ஷா அமர்வு தானாக வழக்கை எடுத்தது. தில்லி அரசு மருத்துவமனை ஒன்றின் அவலத்தைப் படம்பிடித்த மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட செய்தி ஜூன் 17 அன்று விசாரணைக்கு வந்தபோது, நீதிபதிகள் அரசைக் கண்டித்தனர். செய்தி சொன்னவரைத் தண்டிப்பதால் உண்மை மறையாது, மருத்துவர்களையும் செவிலியர்களையும் துன்புறுத்துவதை நிறுத்த வேண்டும் என்றனர். அடுத்த சில நாட்களில் நிபுணர் குழு ஆய்வுக்கும் கொரோனா வார்டுகளில் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் உத்தரவு வந்தது.

நோயாளியின் அந்தரங்கம் என்ற கேள்வி அந்தக் காட்சிகளிலும் இருந்தது. படுக்கையில் கிடந்தவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவர்களுக்கு நேர்ந்த பெரிய அவமதிப்பு, இறந்தவர்களின் நடுவே கவனிப்பாரின்றி விடப்பட்டதுதான். நிர்வாகத்தின் உட்புகார் வழிகள் வேலை செய்திருந்தால் கைபேசிக் காட்சிக்குத் தேவையே வந்திராது.

2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ஆக்சிஜனும் படுக்கையும் இல்லை என்று சமூக ஊடகங்களில் முறையிடும் குடிமக்கள்மீது நடவடிக்கை எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என்றது. மறுநாள் பத்ரா மருத்துவமனை, ஆக்சிஜன் தீர்ந்ததால் நேர்ந்த இறப்புகளைத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தானே தெரிவித்தது. 12 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் அங்கேயே பணியாற்றிய மூத்த மருத்துவர். தன் வளாகத்தில் நடந்த பேரிழப்பை ஒரு மருத்துவமனை மறைக்காமல் சொன்ன அரிய நிகழ்வு அது.

பிற நாடுகளும் இன்றைய நிலையும்

இதே சிக்கலைப் பிரிட்டனும் சந்தித்தது. பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையில் இறப்பு அதிகமாக இருப்பதை 1990களில் எடுத்துக்காட்டிய மயக்கவியல் மருத்துவர் ஸ்டீபன் போல்சின் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1998இல் பிரிட்டனில் பொதுநல வெளிப்படுத்தல் சட்டம் வந்தது. பிரைட்டன் மருத்துவமனையில் முதியோர் புறக்கணிக்கப்படுவதைப் பிபிசிக்காக ரகசியமாகப் படம்பிடித்த செவிலியர் மார்கரெட் ஹேவுட், நோயாளி ரகசியத்தை மீறியதாக 2009 ஏப்ரலில் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டு அத்தண்டனை ஓராண்டு எச்சரிக்கையாகக் குறைக்கப்பட்டது. சட்டம் இருக்கும் நாட்டிலும் எல்லைக்கோடு எளிதில் அமைவதில்லை என்பதற்கு ஹேவுட்டின் வழக்கு சான்று.

இந்தியாவில் மருத்துவக் கவுன்சிலின் இடத்தை 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்தது. சமூக ஊடகங்களில் நோயாளியின் படங்களையும் சோதனை முடிவுகளையும் பகிர்வதைக் கட்டுப்படுத்தும் பகுதியுடன் 2023 ஆகஸ்ட் 2 அன்று அது வெளியிட்ட புதிய நடத்தை விதிகள், அதே மாதம் 23 அன்று நிறுத்திவைக்கப்பட்டன. 2002 விதிகளே மீண்டும் செல்லுபடியாயின. அதே ஆண்டு வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் தரவுக்கு வலுவான காப்பைத் தருகிறது. அதோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவைத் திருத்தி, மறுப்பதற்கான வாய்ப்பையும் விரிவாக்குகிறது.

இவற்றிலிருந்து நடைமுறைக்கான வரிசை ஒன்று திரண்டு வருகிறது. குறையைக் கண்டவர் முதலில் துறைத்தலைவரிடமும் மருத்துவக் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் சொல்ல வேண்டும். அங்கே பயனில்லையேல் மாநில மருத்துவக் கவுன்சில், செவிலியர் கவுன்சில், ஊழல் கண்காணிப்பு ஆணையம், நீதிமன்றம் என உரிய இடத்துக்குச் செல்ல வேண்டும். எந்த இடத்திலும் பெயர், முகம், படுக்கை எண் ஆகியவற்றை நீக்கி, நடந்ததையும் எண்ணிக்கையையும் தேதியையும் மட்டும் தர வேண்டும். ஆளைக் காட்டாமல் சொல்ல முடியாதபோது நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதுவும் இயலாமல் உயிருக்கு ஆபத்து நேரில் இருந்தால் மட்டுமே விதி 7.14இன் விலக்கைக் கொள்ளலாம். இந்த வரிசையைக் கடைப்பிடிப்பவருக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அது நடைமுறைக்கு வருவதும், தனியார் மருத்துவமனைகளுக்கு விரிவடைவதும் இன்னும் செய்து முடிக்கப்படாத பணிகள்.